பாய்மரத்தில் தட்டும் கழி

ஞாயிற்றுக்கிழமை மதியம் தேவாலயத்திலிருந்து படகுக்குத் திரும்பிய ஆல்பி ரென்ஷாவுக்குத் தன் காது போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தது.

படகின் உள்ளே மேசைமுன் உட்கார்ந்திருந்தார். தேவாலயத்தில் காணிக்கை எடுக்கும் செமிசியின் மனைவி கட்டிக் கொடுத்த இலைப்பொட்டலம் முன்னால் இருந்தது. சேம்பிலையில் வைத்து அவித்த இறைச்சியும் தேங்காய்ப்பாலும் மணத்தன. வெளியே தென்கிழக்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய படகு 'கர்லூ' நங்கூரத்தில் நின்றபடியே இடமும் வலமுமாகப் புரண்டது. புரளும்போதெல்லாம் தலைக்கு மேல் கேட்க வேண்டிய சத்தம் மட்டும் கேட்கவில்லை.

கரண்டியை எடுத்துத் தேநீர்க் கோப்பையில் தட்டினார். டிங் என்றது. இன்னொரு முறை தட்டினார். காது ஒழுங்காகத்தான் இருந்தது.

பதினோரு வாரமாக அந்தச் சத்தம் நின்றதில்லை. காற்று லேசாக இருந்தால், யாரோ தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டுவதுபோல டக்... டக்... என்று கேட்கும். காற்று ஏறினால் அதற்கும் அவசரம் வந்துவிடும். பாய்மரத்தின் முன்புறம் செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கும் நீண்ட அலுமினியக் கழி மரத்தில் இடிக்கிற சத்தம் அது.

காற்று நேர் பின்னாலிருந்து வீசும்போது முன்பாய் தானாக விரிந்து நிற்காது. ஒரு புரளலில் தொய்ந்து, அடுத்த புரளலில் பட்டென்று அறையும். அப்போது கழியின் ஒரு முனை பாய்மரத்தில் இருக்க, மறுமுனையைப் பாயின் மூலையில் மாட்டி, குடைக்கம்பி துணியைத் தள்ளுவதுபோலப் பாயை வெளியே தள்ளி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் கழியின் மேல்முனையைப் பாய்மரத்தில் உள்ள தண்டவாளத்தில் உயர ஏற்றி, கீழ்முனையைத் தளத்துக்கு அருகே ஒரு வளையத்தில் மாட்டிவிட்டால் அது மரத்தோடு மரமாக நின்றுகொள்ளும். யார் காலிலும் தடுக்காது.

ஏற்றுவதும் இறக்குவதும் அவருடைய மனைவி மொரீனின் வேலையாக இருந்தது. ஒன்பது வருடம் இருவரும் இந்தப் படகில் வாழ்ந்தார்கள். ஆல்பி பின்னால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மொரீன் முன்தளத்தில் கழியோடும் கயிறோடும் மல்லுக்கட்டுவாள். காற்றில் குரல் எட்டாது. வேலை முடிந்ததும் ஒரு கையை உயர்த்திக் காட்டுவாள். அவரும் கையை உயர்த்துவார். மற்றப் படகுகளில் பெரும்பாலும் ஆண்கள்தான் முன்தளத்துக்குப் போவார்கள். கரையில் பீர் குடிக்கும்போது "நான் கழியைப் போட்டேன்" என்று அவர்கள் கதை சொன்னால், ஆல்பி "நாங்களும் போட்டோம்" என்பார். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, கரையில் நெயாஃபு ஊர்ச் சந்தையில் பப்பாளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது மொரீன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. தேவாலயத்துக்கு மேலே, குன்றின்மீது அவளை அடக்கம் செய்தார்கள். செமிசியின் வீட்டுப் பெண்கள் தாங்களே தைத்த பூப்போர்வையைக் கல்லறைக்கு மேல் விரித்துக் கட்டினார்கள்.

நான்காம் நாள், இந்த இடத்தைவிட்டு ஓடிவிட வேண்டும் என்று ஆல்பிக்குத் தோன்றியது. ஃபிஜி மேற்கே நான்கு நாள் பயணம். வழி முழுக்கக் காற்று பின்னால். கழி இல்லாமல் தனி ஆள் போக முடியாது. அதை இறக்கிப் பார்க்கலாம் என்று முன்தளத்துக்குப் போனார். கழியின் கீழ்முனையில் மொரீனின் கம்பளிக் காலுறை ஒன்று மாட்டியிருந்தது. காயப்போட்டு மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு கயிற்றை அவிழ்த்தார். தண்டவாளத்திலிருந்து கழி அப்படியே சரிந்து இறங்கி அவர் முன்கையைக் கிழித்தது. இரத்தம் ஒழுக ஒழுக அதை எப்படியோ மேலே ஏற்றிவிட்டுக் கீழே வந்துவிட்டார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

காலுறையைத் துவைத்து, அதன் ஜோடியோடு மொரீனின் இழுப்பறையில் வைத்தார்.

சத்தம் எப்போது தொடங்கியது என்று அவர் யோசித்ததே இல்லை. அவள் போனபின் கதவு, தட்டு, குழாய் என்று படகில் எல்லாமே சத்தம் போடுவதுபோல இருந்தது. ஆனால் பாய்மரத்தில் கேட்ட தட்டல் மட்டும் வேறு மாதிரி. முன்தளத்தில் அவள் எதையோ சரிசெய்துகொண்டிருப்பதுபோல. சில நாள் காலையில் தேநீர் ஊற்றும்போது, "வரேன், வரேன்" என்று அதற்குப் பதில்கூடச் சொல்லியிருக்கிறார்.

தாஸ்மேனியாவில் இருக்கும் மகன் கிரெய்க் போனில் பொறுமையாகத்தான் பேசினான். "அப்பா, உங்களால தனியா ஓட்டிட்டு வர முடியாது. ஒரு ஆளைப் பிடிச்சிருக்கேன். சனிக்கிழமை விமானத்துல வருவார். படகை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் வித்துடுவார். நீங்க அதே விமானத்துல திரும்பி வந்துடுங்க. வியாழக்கிழமைக்குள்ள முடிவைச் சொல்லுங்க."

தன்னால் முடியும் என்று சொல்ல ஆல்பிக்கு ஆசை. கையில் இருந்த தழும்பு அவரைச் சொல்லவிடவில்லை.

இப்போது அந்தச் சத்தமும் போய்விட்டது. ஆல்பி இலைப்பொட்டலத்தை மூடிவைத்துவிட்டு மேலே போனார்.

கழி பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. நீலக் கயிறு, ஐந்து சுற்று, அவர் பார்த்தேயிராத ஒரு முடிச்சு. மிகச் சுத்தமான வேலை. யாரோ அவர் இல்லாத நேரத்தில் படகில் ஏறியிருக்கிறார்கள்.

கத்தியால் அறுத்துவிட ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் அறுத்ததும் கழி மறுபடி சரிந்து வந்தால்? கத்தியை எடுப்பதும் வைப்பதுமாக வெகுநேரம் நின்றார். பிறகு கீழே வந்து உட்கார்ந்தார். படகு புரண்டது. ஒரு சத்தமும் இல்லை. மொரீனை இரண்டாவது முறையும் பறிகொடுத்ததுபோல இருந்தது. ஜெபம் செய்யலாமென்று கையைக் கூப்பினார். என்ன கேட்பது என்று தெரியாமல் கையைப் பிரித்துக்கொண்டார். கேட்கத் தெரியாதவர்களின் ஜெபமும் கடவுளுக்குக் கேட்கும் என்பது அவருக்கு அன்றைக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு வழக்கம்போல ரேடியோவில் கூட்டம் தொடங்கியது. குடாவில் நங்கூரமிட்டிருக்கும் படகுகள் எல்லாம் காலையில் கேட்கிற கூட்டம் அது. கனடாக்காரர் ரஸ்தான் நடத்துவார். முதலில் காற்று நிலவரம். அதன்பின் தேங்காய் நேரம்: வேண்டாத சாமானைச் சொன்னால், வேண்டியவர் வந்து எடுத்துக்கொள்ளலாம், விலை தேங்காய் என்று பேச்சுக்குச் சொல்லிக்கொள்வார்கள்.

"என்கிட்ட பழைய பம்ப் ஒண்ணு இருக்கு," என்றது ரஸ்ஸின் குரல். "ரெண்டு தேங்காய். ஓடுமான்னு கேக்காதீங்க. ஓடினா நான் ஏன்யா குடுக்கறேன்? வேற யாராவது?"

ஆல்பி ஒலிவாங்கியை எடுத்தார். பதினோரு வாரத்தில் அவர் அதைத் தொட்டதே இல்லை.

"கர்லூ பேசறேன். நேத்து நான் தேவாலயத்துக்குப் போயிருந்தப்ப, யாரோ என் படகுல ஏறி என் கழியைக் கட்டி வச்சிருக்கீங்க. யாருன்னு தெரியல. வந்து அவுத்துடுங்க. அவ்வளவுதான்."

ரேடியோ கரகரத்தது. பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"நான்தாங்க. ஃபன்டெயில் படகு, ஹெனி. இதோ வரேன்."

வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்த படகு அது. நியூசிலாந்துக்காரி, ஐம்பத்தெட்டு வயது, மாவோரிப் பெண். தனியாகவே ஓட்டுகிறாள். கர்லூவுக்கு நேர் பின்னால் நங்கூரம் போட்டிருந்தாள். சிறு படகில் துடுப்புப் போட்டு வந்தவள், கர்லூவின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு தன் படகிலேயே நின்றாள். அழைக்காமல் மேலே ஏறக் கூடாது என்பது வழக்கம்.

"நான்தான் கட்டினேன். கேக்காம ஏறினது தப்பு," என்றாள்.

"அதுவும் ஞாயித்துக்கிழமை," என்றார் ஆல்பி. "இந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை துணி காயப்போட்டாலே திட்டுவாங்க."

"விடியக்காலை ஆராதனைக்குப் போயிட்டு வந்துதான் செஞ்சேன். கடவுள் கணக்குல பாதியாவது கழிஞ்சிருக்கும்." அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "ஆள் இல்லாத படகுல கயிறு அடிச்சுக்கிட்டிருந்தா, பக்கத்துப் படகுக்காரங்க ஏறிக் கட்டிட்டுப் போறதுதானே. எனக்கும் எத்தனையோ பேர் செஞ்சிருக்காங்க. உதவின்னு நெனச்சேன்."

"அந்தச் சத்தம் எனக்கு வேணும்."

ஹெனி பாய்மரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

"அவுத்துடறேன். மேல வரலாமா?"

"நேத்துக் கேட்டீங்களா?"

"இல்ல. அதான் இன்னிக்குக் கேக்கறேன்."

ஆல்பி நகர்ந்து வழிவிட்டார். அவள் முன்தளத்துக்குப் போனாள். அவர் மூன்றடி தள்ளி நின்றுகொண்டார். முடிச்சில் கை வைத்தவள் திரும்பினாள்.

"நீங்களே அவுத்திருக்கலாமே?"

"தெரியாத முடிச்சு," என்றார். கை தானாக முதுகுக்குப் பின்னால் போயிற்று. ஆனால் முன்கையில் நேர்க்கோடாக ஓடிய தழும்பை அவள் ஏற்கனவே பார்த்துவிட்டாள். கழி இறங்கினால் அப்படித்தான் கிழிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றியும் கேட்கவில்லை.

"நேத்து சாயங்காலமே உங்ககிட்ட வந்திருக்கணும்," என்றாள். "ரஸ் வந்து என்னை நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கினார். 'பதினோரு வாரமா பதினாலு படகும் பொறுத்துக்கிட்டிருக்கோம், நீ வந்த மூணாம் நாளே கட்டிட்டியே தாயே'ன்னார். எனக்கு விஷயம் தெரியாதுங்க. உங்க வீட்டம்மா தவறினது அவர் சொல்லித்தான் தெரியும்."

ஆல்பிக்கு முதலில் புரியவில்லை. "எதைப் பொறுத்துக்கிட்டாங்க?"

"இந்த டக்கு டக்கைத்தான்."

"அது வெளில கேக்குமா?"

"தண்ணிமேல சத்தம் எவ்வளவு தூரம் போகும்னு உங்களுக்கா நான் சொல்லணும்? ரஸ் தலைக்கு மேல மெத்தையைப் போட்டுக்கிட்டுத் தூங்கறாராம். அந்த டச்சுக்காரம்மா காதுல மெழுகு. பிரெஞ்சுக்காரங்க மட்டும்தான் தாங்காம நங்கூரத்தைப் பிடுங்கிட்டு அந்தக் கோடிக்குப் போயிட்டாங்க. அதுவும் அடில சேறு சரியில்லைன்னு சாக்குச் சொல்லிட்டு."

பிரெஞ்சுப் படகு நகர்ந்த நாள் ஆல்பிக்கு நன்றாக நினைவிருந்தது. துக்கம் நடந்த படகின் பக்கத்தில் இருக்க யாருக்குத்தான் மனம் வரும் என்று அன்றைக்கு நினைத்திருந்தார். அதற்குப் பிறகுதான் கரையில் யாரைக் கண்டாலும் வேறு பாதையில் போகத் தொடங்கினார்.

"ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையே," என்றார்.

"என்னன்னு சொல்லுவாங்க? பொண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன்கிட்ட வந்து, கழியைக் கட்டுய்யான்னா?"

ஆல்பி படகறையின் மேல்மூடியின்மீது உட்கார்ந்தார். குடாவில் பதினான்கு படகுகளும் ஒரே பக்கம் முகம் வைத்து நின்றன. அத்தனையிலும் யாரும் வெளியே இல்லை. எல்லோரும் உள்ளே இருந்துகொண்டு இந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கிறார்கள் என்பது இப்போது அவருக்குத் தெரிந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன்," என்றார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. முன்தளத்து வேலையெல்லாம் மொரீன்தான் செய்வா. இந்தக் கழியை நான் ஒரு தடவைகூட இறக்கினதில்ல. ஒரே ஒரு தடவை பாத்தேன், அதுக்குத்தான் இது." கையை முன்னால் கொண்டுவந்து காட்டினார்.

ஹெனி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள்.

"என்ன?"

"கோவிச்சுக்காதீங்க. இது இந்தக் குடாவுல எல்லாருக்கும் தெரியும். நீங்க உள்ள வந்து நங்கூரம் போட்டதை எத்தனை பேர் பீரும் கையுமா வேடிக்கை பாத்திருப்பாங்க? முன்னால நின்னது யாரு, பின்னால நின்னது யாருன்னு தெரியாதா? ரஸ்ஸே சொன்னார், 'அந்தம்மா மாதிரி நங்கூரம் போட எனக்கு வராது'ன்னு."

ஒன்பது வருடம் காத்து வந்த இரகசியம் அப்படிப் போயிற்று. ஆல்பிக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மொரீனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையை, அவள் இறந்த பின் முதல்முறையாக, வேறொருவர் வாயிலிருந்து கேட்கிறோம் என்பதுதான் மனதில் நின்றது.

ஹெனி நீலக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள். கழி சரியவில்லை, மேலே ஏற்றும் கயிறு அதைப் பிடித்திருந்தது. படகு புரண்டதும் டக் என்றது.

"இந்தாங்க, உங்க சத்தம்," என்றாள். இறங்கப் போனவள் நின்றாள். "என்னைக்காவது இது வேண்டாம்னு தோணிச்சுன்னா கட்டக்கூடத் தேவையில்ல. கழிக்கும் மரத்துக்கும் நடுவுல மெத்துன்னு ஏதாவது இருந்தாப் போதும். நான் பழைய சாக்ஸ் ஒண்ணை மாட்டி வச்சிருக்கேன்."

டக் என்றது கழி. ஆல்பி எழுந்து நின்றார். உள்ளே போனார்.

மொரீனின் இழுப்பறையில் காலுறைகள் ஜோடியாக மடித்து வைத்தபடி இருந்தன. பிரித்துப் பார்த்தார். ஒன்று சுத்தமாக இருந்தது. மற்றதன் குதிகால் பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கருப்புக் கறை. துவைத்தபோது எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. தார் என்று விட்டுவிட்டார். அலுமினியத்தில் வருடக்கணக்காக உரசினால் பிடிக்கிற கறுப்பு அது. ஒன்பது வருடம் கடலில் இருந்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அவள் காயப்போட்டு மறக்கவில்லை. அவள் இருந்தவரை இந்தக் கழி ஒரு நாளும் தட்டியதில்லை.

மேலே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்து ஹெனி பயந்துவிட்டாள்.

"இதை நான் துவைச்சுட்டேன்," என்றார் ஆல்பி.

ஹெனி காலுறையைப் பார்த்தாள், கறையைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். அதை வாங்க அவள் கை நீட்டவில்லை. அவரே குனிந்து, கீழ்முனையை வளையத்திலிருந்து எடுத்து, காலுறையை மாட்டி இழுத்துவிட்டு, மறுபடி வளையத்தில் பொருத்தினார். கறை இருந்த பக்கம் சரியாக மரத்தின்மேல் போய் உட்கார்ந்தது.

படகு புரண்டது. இருவரும் காத்திருந்தார்கள். பக்கத்துப் படகில் யாரோ கெட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. இங்கே ஒன்றும் இல்லை.

இத்தனை நாளும் அந்தத் தட்டலில் மொரீன் இருக்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார். அவள் இருந்தது இந்த அமைதியில்தான். யாருக்கும் சொல்லாமல், யாரும் நன்றி சொல்லவும் வழியில்லாமல் அவள் செய்துவைத்த ஒரு சின்ன வேலையில். தான் கவனிக்காமலே பெற்றுக்கொண்டவை இன்னும் எத்தனையோ என்று நினைத்தபோது ஆல்பி தலையைக் குனிந்துகொண்டார். ஹெனி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வியாழக்கிழமைக்குள்ள இதை இறக்கப் பழகணும்," என்றார் கடைசியில். கிரெய்க் சொன்னதையும், சனிக்கிழமை விமானத்தில் வரப்போகும் ஆளையும் பற்றிச் சொன்னார்.

"நான் உங்க படகுல ஏற மாட்டேன். கீழ என் படகுல உக்காந்துக்கறேன். நீங்க செய்யுங்க. கை போற மாதிரி இருந்தா மட்டும் கத்துவேன்."

திங்கள் மதியம் முதல்முறை கயிற்றை அவிழ்க்கப் போனபோதே அவள் கத்திவிட்டாள். "ஆல்பி, சுத்தாம அவுக்காதீங்க. மரத்துல இருக்கற அந்த உருளைல ரெண்டு சுத்துச் சுத்திட்டு அவுருங்க. கழி கனம் கைக்கு வரவே கூடாது." இரண்டு சுற்றுச் சுற்றியதும், ஆளைக் கிழித்த அதே கழி, தூக்கம் கலையாத பிள்ளையைப்போலக் கைக்குள் மெதுவாக இறங்கி வந்தது. பாதியில் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறுபடி ஏற்றிவிட்டார். செவ்வாய்க்கிழமை கீழ்முனையைப் பாயின் மூலையில் மாட்டினார், தலைகீழாக மாட்டியிருந்தார். ஹெனி வாயைத் திறக்கவில்லை. அரைமணி கழித்து அவரே கண்டுபிடித்தார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கழி முழுதாக வெளியே போய், தண்ணீருக்கு மேல் நீட்டிய கைபோல அசையாமல் நின்றது. பதினான்கு படகுகளிலும் யாரும் பார்க்கவில்லை. ஒருவர் தளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டச்சுக்காரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அதே துணியைத்தான் முக்கால் மணி நேரமாக மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ரஸ்ஸின் படகிலிருந்து சங்குச் சத்தம் எழுந்தது. சூரியன் மறையும்போது படகுக்காரர்கள் ஊதுகிற சங்கு. ஒவ்வொன்றாக மற்றப் படகுகளின் சங்குகளும் சேர்ந்துகொண்டன.

மறுநாள் ரேடியோவில் ரஸ் மன்னிப்புக் கேட்டார். "நேத்துக் காலைல சங்கு ஊதினது தவறுதலா நடந்துபோச்சு. கடிகாரம் நின்னுடுச்சு."

"எல்லாக் கடிகாரமும் நின்னிருச்சாய்யா?" என்றது யாரோ ஒரு குரல். "என் பொண்டாட்டி அழுதுட்டா."

வியாழக்கிழமை ஆல்பி மகனை அழைத்தார். "அந்த ஆளை வரச்சொல்லாத."

"அப்பா, தனியா எப்படி? கழி கிழியெல்லாம் அம்மாதானே..."

"உனக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்பா."

"சரி. இப்ப நானும் போடுவேன். அவ போட்ட மாதிரி அழகா இருக்காது. போடுவேன்."

"தினம் சாயங்காலம் ஒரு செய்தி அனுப்புங்க. அது போதும்," என்றான்.

வெள்ளிக்கிழமை கடலுக்கு ஆகாது என்று எந்த மாலுமியும் அன்று பயணம் தொடங்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர் விடாது. சனிக்கிழமை விடிந்ததும் ஆல்பி குன்றின்மேல் போய்வந்தார். கல்லறையில் புதிய மணல் கொட்டிப் பெருக்கியிருந்தது. தேவாலய வாசலில் செமிசி நின்றிருந்தார். "நாங்க பாத்துக்கறோம்," என்றார். ஆல்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார்.

ஹெனியிடம் சொல்லிக்கொண்டபோது அவள் தெற்கே தன் ஊருக்குப் போகக் காற்றுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னாள். மறுபடி சந்திப்போம் என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. கடலில் இருப்பவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். அந்த நீலக் கயிற்றை மட்டும் அவர் கையில் கொடுத்தாள்.

ஃபிஜியை நோக்கித் தீவுகளின் இடைவழி கடந்து திறந்த கடல் வந்ததும் காற்று நேர் பின்னால் வந்தது. ஆல்பி முன்தளத்துக்குப் போய்க் கழியை இறக்கினார். இரண்டு சுற்று. பாய் விரிந்து நின்றது. தானியங்கிக் கருவி சக்கரத்தைப் பார்த்துக்கொள்ள, படகு தானே திசைபிடித்து ஓடியது. மலைகள் பின்னால் நீலமாயின.

ரேடியோ கரகரத்தது. "கர்லூ, கர்லூ, ஃபன்டெயில்."

"சொல்லுங்க ஹெனி."

"ரஸ் ஒரு புகார் சொல்லச் சொன்னார். அஞ்சு நாளா சத்தம் இல்லாம அவருக்குத் தூக்கமே வரலையாம். டச்சுக்காரம்மாவுக்கும்தானாம். யாராவது ஒருத்தர் தன் கழியை அவுத்து வைங்கன்னு கெஞ்சிக்கிட்டிருக்காங்க."

ஆல்பி சிரித்தார். தன் சிரிப்பு படகுக்குள் எதிரொலித்ததை ஆச்சரியத்தோடு கேட்டார். "தேங்காய் நேரத்துல கேக்கச் சொல்லுங்க," என்றார்.

அவள் ஏதோ பதில் சொன்னாள். இரைச்சலில் பாதிதான் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. "ஹெனி?" என்றார். இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒலிவாங்கியை மாட்டினார்.

சாயங்காலம் காற்று பக்கவாட்டுக்குத் திரும்பியது. இனிக் கழி தேவையில்லை. முன்தளத்துக்குப் போய்ப் பாயிலிருந்து அதைக் கழற்றினார், மேல்முனையை உயர ஏற்றினார், கீழ்முனையில் காலுறையை மாட்டினார், வளையத்தில் பொருத்தினார். உள்ளங்கையைக் கழியின்மேல் வைத்துப் பார்த்தார். படகு ஒருமுறை நன்றாகப் புரண்டது. கழி அசையவில்லை.

உடனே திரும்பிப் போகாமல் பாய்மரத்தடியில் உட்கார்ந்தார். ஒன்பது வருடத்தில் அங்கே அவர் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் படகின் முழு நீளமும் தெரிந்தது. கடைசியில் சக்கரமும், அதன் பின்னால் ஆள் நிற்கிற இடமும். மொரீன் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்தபோது பார்த்தது இதைத்தான். இப்போது அங்கே யாரும் இல்லை. சக்கரம் இப்படியும் அப்படியுமாகத் தானே சற்றுத் திரும்பித் திரும்பி நின்றது.

வேலை முடிந்துவிட்டது. ஆல்பி ஒரு கையை உயர்த்திக் காட்டினார்.